குப்பத்து மீனுக்கு ஒரு மூன்றடித் தொட்டி

கொருக்குப்பேட்டையில் எங்கள் வீடு முதல் மாடி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது, மூன்று நாள் கரண்ட் இல்லை. ஹாலில் இருந்த மூன்றடித் தொட்டியில் ஐந்து கோல்டு ஃபிஷ் இருந்தன. நாலு வருஷம் வளர்த்தவை, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். மோட்டார் நின்ற முதல் ராத்திரியே எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அம்மாவும் நானும் சொம்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம், விடியும்வரை மாறி மாறி. இரண்டாம் நாள் சாயங்காலத்துக்குள் நாலு போய்விட்டன. ஐந்தாவதை மூன்றாம் நாள் காலையில் எடுத்தேன்.

தெருவில் தண்ணீர் வடிந்த பிறகும் பக்கத்துக் காலி மனைப் பள்ளத்தில் மட்டும் குட்டை மாதிரி தேங்கி நின்றது. மழையும் சாக்கடையும் கலந்த தண்ணீர். ஒரு வாரம் கழித்து எட்டிப் பார்த்தால் அதில் விரல் நீளத்துக்குப் பொடி மீன்கள் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தன. அவ்வப்போது ஒன்று மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே இறங்கும். வெகுநேரம் அங்கேயே குந்தி உட்கார்ந்து பார்த்தேன். என் தொட்டியில் இருக்க வேண்டிய மீன் இதுதான் என்று அப்போதுதான் பட்டது.

அந்தக் குட்டையிலிருந்து நான் எதையும் எடுக்கவில்லை. நாலு நாளில் லாரியில் மண் கொண்டுவந்து கொட்டி மூடிவிட்டார்கள். அது இன்றைக்கும் மனதை அறுக்கிறது.

சென்னையில் மீன் வளர்ப்பவர்களுக்கு, வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே போனால் அமேசான் மீன் கிடைக்கும், ஆப்பிரிக்க ஏரி மீன் கிடைக்கும், தாய்லாந்து ஃபைட்டர் கிடைக்கும். பொன்னேரி வாய்க்கால் மீன் மட்டும் கிடைக்காது. கேட்டேன். "அத்த யாரு தம்பி காசு குத்து வாங்குவாங்க?" என்றார் ஒரு கடைக்காரர். அவர் சொன்னது நியாயமான பதில்தான். ஆனால் கடைப் பையில், குழல் விளக்கு வெளிச்சத்தில், பயந்து வெளுத்துப்போன நாட்டு மீனைப் பார்த்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? அதற்குப் பிடித்த இடத்தில் வைத்தால்தான் அது தன் நிறத்தைக் காட்டும். அந்த இடத்தை எப்படி அமைத்தேன், எங்கெங்கே தப்பு செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தொட்டி. ஆறு மில்லி கண்ணாடி, மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். நாலைந்து மாசம் காய்ந்து கிடந்ததில் ஒரு மூலையில் சிலிக்கான் உரிந்திருந்தது. உரிந்த இடத்தில் மட்டும் புதிதாகத் தடவினால் பழையதன் மேல் புதியது ஒட்டாது. அதனால் அந்த மூலை முழுவதையும் பிளேடால் சுரண்டி, தின்னர் தொட்டுத் துடைத்து, காயவைத்து, புதிதாக ஒரே இழுப்பில் இழுத்தேன். பாத்ரூமுக்கு என்று விற்கும், பூஞ்சை மருந்து கலந்த சிலிக்கான் மீனுக்கு ஆகாது, சாதாரணக் கண்ணாடி சிலிக்கான்தான் வேண்டும். வினிகர் வாடை முழுதாகப் போகும்வரை விட்டுவிட்டு, பிறகு மாடியில் வைத்து நிரப்பி ஒரு நாள் பார்த்தேன். கசியவில்லை. இரும்பு ஸ்டாண்டின் மேல் தெர்மோகோல் தாள் போட்டு ஏற்றினேன். மணலும் மேலே விட்ட இடமும் போக எண்பது லிட்டர் தண்ணீர் பிடிக்கிறது.

மணலுக்குத்தான் அலைந்தேன். இப்போது கட்டட வேலைக்கு எங்கே பார்த்தாலும் எம்-சாண்ட். அது கல்லை உடைத்த தூள், ஓரமெல்லாம் கூர். அயிரை மீன் மணலுக்குள் புகுந்து கண் மட்டும் தெரியப் படுத்திருக்கும், மணலை வாயில் அள்ளிச் சலித்துச் செவுள் வழியாக விடும். அதன் மீசை எம்-சாண்டில் தேய்ந்தே போய்விடும். இரண்டு தெரு தள்ளிப் பழைய வீடு ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். மொட்டை மாடியில் பல வருஷமாகக் கிடந்த ஆற்று மணல் அரை மூட்டை, கேட்டதும் கொடுத்தார்கள். கோதுமை சலிக்கும் சல்லடையில் சலித்து, பத்துத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். கையை விட்டுக் கலக்கினால் தண்ணீர் கலங்கக் கூடாது, அதுவரை கழுவ வேண்டும்.

தண்ணீர் விஷயம். எங்கள் அடிபம்பில் வருவது மெட்ரோ வாட்டர். என் மீட்டரில் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு, 400-ஐ ஒட்டி இருக்கும். அதில் குளோரின் உண்டு. அகலமான டிரம்மில் பிடித்து ஏர் பம்ப் ஓட விட்டு ஒரு நாள் முழுக்க வைத்தால் போய்விடுகிறது. அவசரமென்றால் குளோரினை உடனே முறிக்கும் ஹைப்போ கட்டி கொளத்தூர் கடைகளில் கிடைக்கும். போர் தண்ணீரை நான் தொடுவதே இல்லை. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல் தண்ணீர் ஏறிய கதை எல்லோருக்கும் தெரிந்தது. எங்கள் போரில் மீட்டர் 1,800 காட்டுகிறது.

மீன் போடும் முன்பே வேலம்பாசியையும் அல்லிக் கிழங்கு ஒன்றையும் நட்டுவிட்டு, தெருமுனை பாதாம் மரத்தில் தானாகக் காய்ந்து விழுந்த இலை பத்தைக் கழுவிப் போட்டேன். சின்ன வயதில் வாதாங்கொட்டை உடைத்துத் தின்ற அதே மரம். இலையிலிருந்து சாயம் இறங்கி, மூன்று நாளில் தண்ணீர் டீ வடிகட்டினது மாதிரி ஆகிவிட்டது. அம்மா பார்த்துவிட்டு, "இன்னாடா, கண்ணாடித் தொட்டில சாக்கடைத் தண்ணி ஊத்தி வச்சிருக்க?" என்றாள். எனக்கு அந்த நிறம்தான் வேண்டியிருந்தது. அப்படியே நாலு வாரம் ஓடியது. தொட்டிக்குள் நுண்ணுயிர் பெருகி, மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றப் பழக வேண்டும். அவசரப்பட்டு முதல் நாளே மீனைப் போடுகிறவர்கள்தான், நாட்டு மீன் தொட்டியில் பிழைக்காது என்று சொல்கிறவர்கள்.

2024 ஜூனில் மீன் கொண்டுவரப் போனேன். புழலும் சோழவரமும் குடிநீர் ஏரிகள், அங்கெல்லாம் நம் இஷ்டத்துக்கு வலையோடு போக முடியாது. பொன்னேரிக்கு அந்தப் பக்கம் அம்மாவின் ஊர். அங்கே ஏரியில் தண்ணீர் வற்றி வரும்போது குத்தகைக்காரர் ஆள் விட்டு வலை இழுப்பார். விரால், கெண்டை, ஜிலேபி எல்லாம் கூடைக்குப் போகும். பொடி மீன் சேற்றோடு கரையில் விழும், கொக்கு தின்னும். அந்தப் பொடியைத்தான் கேட்டேன். வலை இழுத்தவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். "இன்னா தம்பி, இத்தப் போய் வாளில தூக்கினு போற? கொழம்புக்கே ஆகாது" என்றார். வளர்க்கிறேன் அண்ணே என்றதும் நம்பாமல் பார்த்தார். அப்புறம் அவரே குனிந்து, கைவிரலை வலைபோல் வைத்துச் சேற்றுத் தண்ணீரிலிருந்து ஒவ்வொன்றாக அள்ளி என் வாளியில் விட்டார். எதையும் அழுத்திப் பிடிக்கவில்லை. தண்ணீரோடு சேர்த்துத்தான் தூக்கினார். அன்றிலிருந்து நானும் குட்டி மீனைக் கைவலையில் பிடிப்பதில்லை, டம்ளரில்தான் மொள்கிறேன்.

அவர் வலையில் கையளவு நீளத்தில் கரும்புள்ளி போட்ட, ஓடு மாதிரி உடம்புள்ள மீன் ஆறேழு மாட்டியிருந்தன. கடைகளில் டேங்க் கிளீனர் என்று விற்கிறார்களே, அதுதான். தென் அமெரிக்க மீன். பெரிதானதும் தொட்டியில் வைக்க முடியாமல் யார் யாரோ கொண்டுபோய் ஏரியில் விட்டவற்றின் வம்சம். அதன் முள் மாட்டினால் வலை கிழியும். "ஒரு நாளைக்கு ஒரு மொழம் வல போவுது தம்பி. ஒங்கள மாரி ஆளுங்க வுட்டதுதான்" என்றார். நான் எதுவும் பேசவில்லை. ஜிலேபி 1952-லும், கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கொண்டுவந்த கம்பூசியா மீன் 1928-லும் இந்தியாவுக்கு வந்தவை. கூடையில் பாதிக்கு மேல் அன்று ஜிலேபிதான் இருந்தது.

இருபது லிட்டர் பெயிண்ட் வாளி, பாதி அளவு ஏரித் தண்ணீர், மூடியில் ஆணியால் குத்திய துளைகள், உள்ளே ஒரு கைப்பிடி பாசி. கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் ரயிலில் கதவோரம் காலுக்கிடையே வைத்துக்கொண்டு கொருக்குப்பேட்டையில் இறங்கினேன். தண்ணீர் பாதிதான் இருக்க வேண்டும், மேலே காற்று இருக்க வேண்டும். காற்றை விழுங்கும் மீனுக்கு விளிம்புவரை தண்ணீர் நிரப்பினால் அதுவே ஆபத்து.

வீட்டுக்கு வந்து வெள்ளை பேசினில் விட்டு எண்ணினேன். அயிரை ஆறு. கெண்டைப் பொடி எட்டு. உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு வைத்த ஒரு அங்குல மீன் பன்னிரண்டு. ஒடுங்கிய உடம்பும், நடுவில் கூராக நீண்ட வாலும், வால் அடியில் கரும்புள்ளியும் கொண்ட மீன் ஒன்பது.

வெள்ளிப் பொட்டுக்காரனின் அறிவியல் பெயர் அப்லோகைலஸ் பார்வஸ். அதற்கு அந்தப் பெயர் வந்ததே நம் ஊரில்தான். சென்னை வட்டாரத்து நன்னீர் மீன்களைத் தேடித் திரிந்து 1916-ல் பதிவு செய்த பி. சுந்தரராஜ்தான் அதை விவரித்தவர், பின்னாளில் மதராஸ் மீன்வளத் துறைக்கே இயக்குநராக இருந்தவர். கூர்வாலின் பெயர் சூடோஸ்ஃப்ரோமெனஸ் குபானஸ். இந்தப் பெயரின் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. பிரெஞ்சுக்காரர் குவியே 1831-ல் இதை விவரித்தபோது, மீன் அவருக்குக் கிடைத்த இடம் புதுச்சேரி பக்கத்து அரியாங்குப்பம் ஆறு. அதைப் பிரெஞ்சு எழுத்தில் அரியான்-கூபாங் என்று எழுதினார்கள். அந்தக் குப்பம்தான் குபானஸ். பாரிஸ் வரை போய் லத்தீன் சட்டை போட்டுக்கொண்டு வந்தாலும் பெயர் குப்பம்தான். வடசென்னைக்காரனுக்கு இதைவிட நெருக்கமான மீன் எது இருக்க முடியும்?

ஒரு மாசம் தனித் தொட்டி. இதை யாரும் தவிர்க்கக் கூடாது. இருபது லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டு, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள உடைந்த மண்சட்டி ஓடுகள். கெண்டைப் பொடியில் இரண்டு மூன்றாம் நாளே செத்தன. வரும் வழியில் செதில் உரிந்திருக்கலாம். ஒன்பதாம் நாள் ஒரு குபானஸின் விலாவில் வெள்ளை நூல் ஒன்று தொங்கியது. முதலில் கழிவு என்று நினைத்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தால் நூலின் நுனி இரண்டாகப் பிரிந்திருக்கிறது, வேர் சதைக்குள் போகிறது, சுற்றிலும் சிவப்பு. நங்கூரப் புழு. ஈரத் துணியில் மீனைப் பிடித்து, ஊசிமுனை இடுக்கியால் சதையை ஒட்டிப் பிடித்து, இழுத்த இழுப்பில் அறுந்துபோகாமல் மெதுவாக உருவினேன். புண் ஆற லிட்டருக்கு இரண்டு கிராம் கல் உப்பு. அந்த மீன் பிழைக்கவில்லை. ஆனால் புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் நீந்தித் திரிந்து அடுத்த மீனைத் தேடும் என்பதால், தினமும் அடித் தண்ணீரைக் கால்வாசி உறிஞ்சி எடுத்து மாற்றிக்கொண்டே இருந்தேன். மற்ற மீன்களுக்குப் பரவவில்லை. பெரிய தொட்டியில் நேராகப் போட்டிருந்தால் மொத்தமும் போயிருக்கும்.

சாப்பாடு அடுத்த தலைவலி. கடைத் தீவனக் குருணையைப் போட்டால் வாயில் வாங்கித் துப்பும். உயிரோடு நெளியாத எதையும் அவை சாப்பாடு என்று நினைக்கவில்லை. மாடியில் ஒரு பக்கெட்டில் தண்ணீர் வைத்தேன், கொசுப்புழு வந்தது. இரண்டு நாளைக்கு ஒரு தரம் வடிகட்டிப் போட்டால், வெள்ளிப் பொட்டு மீன்கள் அடித்துப் பிடித்துத் தின்றன. ஆனால் மாநகராட்சியிலிருந்து வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டி பார்க்கும் அக்கா மாடி ஏறி வந்து பக்கெட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "இதுல வர்ற கொசு ஒங்க வீட்டோட நிக்குமா தம்பி? கீழ கொழந்தைங்க இருக்கு இல்ல?" அவர் சொன்னது முழுக்கச் சரி. ஒரு தரம் மறந்து ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டால் போதும், அத்தனையும் பறந்துவிடும். அவர் எதிரிலேயே பக்கெட்டைக் கவிழ்த்தேன்.

அதற்குப் பதில் மொய்னா வளர்க்க ஆரம்பித்தேன். ஊசிமுனை அளவு தண்ணீர்ப் பூச்சி. கொளத்தூரில் குஞ்சு பொரிக்கிறவர்களிடம் ஒரு கவர் வாங்கி வந்து, மீன் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரை வெயிலில் பச்சை பிடிக்க வைத்து அதில் விட்டேன். இரண்டு நாளைக்கு ஒரு சிட்டிகை ஈஸ்ட் கரைத்து ஊற்றுவேன், தொட்டி வாயைக் கொசு வலையால் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறேன். ஈஸ்ட் அதிகமானால் ஒரே ராத்திரியில் நாறிவிடும், அதனால் எப்போதும் இரண்டு தொட்டி. டியூபிஃபெக்ஸ் புழுவை நான் வாங்குவதில்லை. சாக்கடைச் சேற்றில் எடுப்பது, என்ன வியாதியைக் கொண்டுவரும் என்று சொல்ல முடியாது. மூன்று வாரம் போனபின் மொய்னாவோடு தூளாக்கிய குருணையும் கலந்து போட, கெண்டையும் அயிரையும் பழகிவிட்டன. குபானஸுக்கு இன்னும் ஒரு மாசம் ஆனது.

ஜூலை கடைசியில் எல்லாவற்றையும் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். உடனே ஒரு தப்பு. பழைய பவர் ஃபில்டர் நன்றாக ஓடுகிறதே என்று அதையே மாட்டியிருந்தேன். தண்ணீர் சுழன்று அடிக்க, குபானஸ் எட்டும் மூலையில் பாசிக்குள் சொருகிக்கொண்டு மூச்சு எடுக்க மட்டும் வெளியே வந்தன. நிறமே இல்லை, சாம்பல். ஏரி ஓரத்தில், வயல் வாய்க்காலில் தண்ணீர் அசையாது. அசையாத தண்ணீர் மீன் இது. ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஒரு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் குமிழி எண்ணுகிற வேகத்தில் வைத்தேன். நாலே நாளில் வெளியே வந்தன. ஆண் மீனின் கண் சிவந்தது. வால் நுனி ஆரஞ்சாக, உடம்பு தேன் நிறமாக, துடுப்பு ஓரத்தில் நீலப் புள்ளிகள். டீ நிறத் தண்ணீரில், பாதாம் இலை மேல் அது அசையாமல் நின்றபோது அம்மாவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆகஸ்டில் வெள்ளிப் பொட்டு இரண்டு காணவில்லை. ஸ்டாண்டுக்குப் பின்னால் பெருக்கும்போது கருவாடாகக் கிடைத்தன. மூடி போட்டுத்தான் இருந்தேன். ஏர் டியூப் போக விட்ட இரண்டு விரல் சந்து வழியாகவே எகிறியிருக்கின்றன. தண்ணீர் மட்டத்திலேயே வாழும் மீன், பூச்சிக்கு எம்புவதுதான் அதன் பிழைப்பு. சந்தில் ஸ்பாஞ்ச் துண்டை அடைத்தேன். கண்ணாடி மூடிக்கும் தண்ணீருக்கும் இடையே நாலு விரல் காற்று விட்டிருக்கிறேன். அந்தக் காற்று வெதுவெதுப்பாக, ஈரமாக இருப்பது குபானஸுக்கும் நல்லது. அதன் தலைக்குள் காற்றை நேராக உறிஞ்சும் உறுப்பு இருக்கிறது, வறண்ட குளிர்ந்த காற்று ஆகாது. கெண்டைப் பொடி ஆறும் ஓயாமல் ஓடி மற்றவற்றைக் கலைத்ததால் மாடியில் பாதி டிரம்முக்கு மாற்றினேன். அங்கே அவை இன்னும் சந்தோஷமாக இருக்கின்றன.

அக்டோபர் நடுவில் மழை பிடித்தது. மாடி கழுவி ஓட முதல் அரை மணி விட்டுவிட்டு, நாலு மூலையில் கட்டிய பிளாஸ்டிக் தாளில் விழுந்த மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்தேன். மீட்டரில் 30. பதினைந்து லிட்டரை இரண்டு நாளாகப் பிரித்து மெதுவாகத் தொட்டியில் சேர்த்தேன். மூன்றாம் நாள் காலை, மிதந்த பாதாம் இலையின் அடியில் பத்துப் பதினைந்து குமிழிகள் ஒட்டியிருந்தன. மதியம் பெண் மீன் கறுத்துவிட்டது. சாதாரணமாகக் கறுத்தது என்றால் போதாது, அடுப்புக்கரி மாதிரி. முட்டையிடும் நேரத்தில் பெண் கறுக்கும் என்று தெரிந்திருந்தும், நேரில் பார்த்தபோது வேறு மீனோ என்று ஒரு நொடி திகைத்தேன்.

ஆண் உடம்பை வில்லாக வளைத்துப் பெண்ணைச் சுற்றிக்கொள்ளும். இரண்டும் அப்படியே அசைவற்று நாலைந்து நொடி சாயும். ரவை மாதிரி வெள்ளை முட்டைகள் உதிர்ந்து கீழே விழும். உடனே ஆண் விடுபட்டு, விழும் முட்டைகளை வாயில் பொறுக்கி, மேலே போய்க் குமிழிகளுக்கிடையே துப்பும். ஒரு முட்டை சரிந்து மணல்வரை வந்துவிட்டது. அதை அயிரை முகர்வதற்குள் பாய்ந்து எடுத்துப்போனது. இரண்டு மணி நேரம் திரும்பத் திரும்ப இதே வேலை. முடிந்ததும் பெண்ணைத் துரத்திவிட்டு, ஆண் மட்டும் இலைக்கடியில் காவல் நின்றது.

இரண்டு நாளில் பொரிந்தது. குமிழிகளுக்கிடையே கமா மாதிரி வால்கள் தொங்கின. எண்ணியவரை அறுபதுக்கு மேல். நாலாம் நாள் நீந்தத் தொடங்கின, ஆறாம் நாள் இருபது, எட்டாம் நாள் ஐந்து. ஆணைத்தான் சந்தேகப்பட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வேலம்பாசித் தண்டில், தண்டு நிறத்திலேயே, ஒரு தட்டான் குஞ்சு. செப்டம்பரில் ஊரிலிருந்து கொண்டுவந்த பாசியோடு வந்திருக்கிறது. கழுவினேன், ஆனால் அவசரத்தில். அது அசையவே இல்லை. ஒரு குஞ்சு முன்னால் வந்ததும் முகத்துக்கு அடியிலிருந்து மடித்து வைத்த கை ஒன்று நீண்டு, பிடித்து, திரும்ப மடிந்தது. கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. இடுக்கியால் தேடத் தேட மூன்று கிடைத்தன.

அதிலிருந்து எந்தச் செடி வந்தாலும், பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைத் தண்ணீர் இளஞ்சிவப்பாகும் அளவுக்குக் கரைத்துப் பத்து நிமிஷம் முக்கி, நன்றாக அலசி, நாலு வாரம் மீனில்லாத வாளியில் வெயிலில் வைத்த பிறகுதான் உள்ளே போகும். தண்டுக்குள் முட்டை வைத்திருந்தால் மருந்து எட்டாது. அந்த நாலு வாரத்தில் பொரிந்து வாளியில் வெளிப்பட்டுவிடும்.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை. அந்த ராத்திரி கரண்ட் போனது. டார்ச்சோடு தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன், போன வருஷ ஞாபகம் வந்துவிட்டது. ஒன்றுமே நடக்கவில்லை. ஏர் பம்ப் நின்றதைக்கூட அவை கவனித்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொன்றாக மேலே வந்து காற்று குடித்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தன. இலைக்கடியில் மறுபடி குமிழி இருந்தது.

இந்தத் தடவை பொரிந்த அன்றே கொட்டாங்கச்சியைத் தண்ணீருக்குள் நுழைத்து, இலையும் குமிழியும் குஞ்சுமாக அப்படியே மொண்டு, அதே தொட்டித் தண்ணீர் நாலு விரல் உயரம் ஊற்றிய தனித் தொட்டிக்கு மாற்றினேன். முதல் வாரம் வைக்கோல் ஊறவைத்த தண்ணீரில் பெருகும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள், வேளைக்கு ஒரு கரண்டி. அதற்குப் பிறகு ஆர்டீமியா என்ற உப்புநீர்ப் பூச்சியின் அன்றன்று பொரித்த குஞ்சுகள். மேலே கண்ணாடி போட்டு மூடியே வைத்தேன். மூன்று மாசத்தில் பத்தொன்பது நின்றன.

மே மாசம் தொட்டித் தண்ணீர் 33 டிகிரி காட்டியது. மூடியை எடுத்துவிட்டுக் கொசு வலை கட்டி, டேபிள் ஃபேனைத் தண்ணீர் மேல் சாய்வாக வைத்தால் மூன்று டிகிரி இறங்குகிறது. ஆனால் நாளைக்கு ஒரு செ.மீ. தண்ணீர் ஆவியாகும், உப்பு மட்டும் உள்ளேயே தங்கும். குறைந்த அளவுக்கு மெட்ரோ வாட்டர் ஊற்றிக்கொண்டே இருந்தால் மீட்டர் ஏறிக்கொண்டே போகும். அதற்காக மழைத் தண்ணீர் நாற்பது லிட்டர் மூடிச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

குஞ்சுகளை ஊர் ஏரியிலேயே விடலாமே என்று அம்மா கேட்டாள். விட மாட்டேன். என் வாளியும் வலையும் கொளத்தூர் தொட்டிகளையும் தொட்டவை. எந்த நோய் ஒட்டியிருக்கும் என்று தெரியாமல் அந்த ஏரிக்குள் ஊற்ற முடியாது. வலை கிழிந்த அண்ணன் முகம் நினைவுக்கு வருகிறது.

கீழ்வீட்டுப் பையன் ஏழாவது படிக்கிறான். ஒரு வருஷமாகப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாடி ஏறி வந்து தொட்டிக்கு முன்னால் உட்காருகிறவன். அவனிடம் இரண்டடித் தொட்டி இருக்கிறது. ஆறு குஞ்சு கேட்டான். மண்சட்டி ஓடு, பாதாம் இலை, நுண்ணுயிர் பிடித்த என் ஸ்பாஞ்சில் பாதி எல்லாம் கொடுத்து, மூன்று வாரம் தண்ணீரை ஓடவிடச் சொன்னேன். பிறகு போய்ப் பார்த்தால் மூடி இல்லை. மூடி வாங்கு, அப்புறம் மீன் என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக் கடையில் வெட்டி வாங்கி வந்துவிட்டான், மூலையில் டியூபுக்கு அளவாகக் குறைத்து வெட்டியிருந்தது.

டம்ளரில் மொண்டு விடும்போது, "இதுக்கு இன்னாண்ணா பேரு?" என்றான். அறிவியல் பெயரைச் சொன்னேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான், நாக்கு புரளவில்லை. பெயர் வந்த கதையைச் சொன்னேன்.

"அப்போ குப்பத்து மீனுன்னே சொல்லலாம்" என்றான்.

ஆறும் உள்ளே இறங்கி இலைக்கடியில் போய் நின்றன. மூடியை வைத்துவிட்டு, சந்து இருக்கிறதா என்று நான்கு பக்கமும் விரலை ஓட்டிப் பார்த்தான்.